டேபுக்குப் புரியாத பேச்சு

குளச்சல்
12.07.2024

அன்புள்ள ஜெப்சி,

நலந்தானே? நம் ஹாஸ்டலில் உனக்குப் போன் தரமாட்டார்கள், அதனால் கடிதம்.

காது கேட்காத பிள்ளை இந்தப் பள்ளியில் நான் ஒருத்திதான். நம் காது கேளாதோர் பள்ளியில் சயின்ஸ் குரூப் இல்லையே, அது வேண்டும் என்று வந்தாயிற்று. எனக்கு ஒரு டேப் கொடுத்திருக்கிறார்கள். விக்டோரியா டீச்சர் சேலையில் மைக்கைக் குத்திக்கொண்டு பேசினால், சொல்வதெல்லாம் திரையில் எழுத்தாக ஓடுகிறது. உயிரியல் தேர்வில் நான்தான் முதல்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பாடு. பிள்ளைகள் டீச்சரைப் போலவா பேசுவார்கள்? நேற்று பக்கத்தில் இருக்கும் சபிதா ஏதோ கேட்டாள். டேபில் ‘சாலை கரை கொண்ட ஆண்டியா’ என்று வந்தது. அவள் என் டிபனில் மீன் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான், ‘சாளக்கறி கொண்டாந்தியா’ என்று கேட்டிருப்பாள் எனத் தோன்றியது. அதற்குள் திரும்பிக்கொண்டாள்.

கைமொழி இங்கே யாருக்கும் தெரியாது. என் கைகள் நாள் முழுக்கச் சும்மா கிடக்கின்றன. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அங்கேயே திரும்பி வருகிறேன். என் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே, ஏட்டி.

உன் அபினா

நாகர்கோவில்
20.07.2024

அபினா,

நீ வருகிறாய் என்றதும் கட்டிலைத் தட்டி விரிப்புகூட மாற்றிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். இங்கே வந்தால் காமர்ஸ்தான். ஆய்வகத்தில் வேலை பார்ப்பேன் என்றாயே, அது என்ன ஆவது?

நீ போனபின் நானும் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. புது வார்டன் விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிடுகிறார். இருட்டில் கையால் என்ன பேச? நீ வந்தால் எனக்குத்தான் நல்லது. அதனால்தான் சொல்கிறேன், வராதே.

டேபுக்குப் புரியவில்லை என்று சபிதாவிடம் சொன்னாயா? சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்?

நாளை ஒரு புதுப் பிள்ளை வருகிறாள். உன் கட்டிலைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டேன்.

ஜெப்சி

குளச்சல்
02.08.2024

அன்பு ஜெப்சி,

கட்டிலைக் கொடுத்துவிட்டாய் என்றதும் அழுதேன். உன்மேல் அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தோடேயே மறுநாள் டேபில் எழுதி சபிதாவிடம் நீட்டினேன்: “நீங்க பேசுறது இதுக்கு விளங்கல்ல. எனக்கும்.”

அவள் முகம் மாறிவிட்டது. “இது எல்லாத்தையும் சொல்லித் தருதுன்னுல்லா நினைச்சோம், மக்கா. நீயும் குனிஞ்சே இருப்ப, படிக்கியோன்னு விட்டுட்டோம்” என்று டைப் செய்தாள்.

இன்று மதியம் எல்லாரும் எதற்கோ சிரித்தார்கள். சபிதா கையைத் துடைத்துவிட்டு டேபை வாங்கி, அந்த ஜோக்கை ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தாள். நீளமான ஜோக். எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். அவள் மட்டும் என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வாசித்துவிட்டுச் சிரித்தேன்.

நான் வரவில்லை, ஜெப்சி.

அபினா