ஆற்றில் இறங்க அனுமதி உள்ளவர்கள்

12 ஆகஸ்ட் 2024
இந்த வாரம் எங்கள் முறை. என் வீட்டுக்காரர் ஃப்ரெடி கூடை நிறைய இறாலோடு வந்தார். அதிசயமாக ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் குறைவு. எங்கள் குப்பத்தில் மூன்று பாடு, முறை வைத்து வலை விடும் மூன்று குழு. ஒரு பாட்டுக்காரர்கள் வலை விடும் வாரம், மற்ற இரண்டு பாட்டுக்காரர்களும் எண்ணூர் ஆற்றில் கால் வைக்க மாட்டார்கள். அடுத்த வாரம் லூர்து அண்ணன் பாடு.

மதியம் அலையாத்திக் காட்டைக் காப்பாற்றும் திட்டம் என்று நாலு பேர் வந்தார்கள். சுற்றுலாப் படகு விடுவார்களாம், நமக்கும் வருமானமாம். "இங்க மீன் பிடிக்கிறவங்க பேரெல்லாம் எழுதிக் குடுங்க" என்றார் சங்கமித்ரா மேடம். என் கையெழுத்துதான் தெளிவு என்று பேனாவை என்னிடம் தள்ளினார்கள். அண்ணன் பேரையும் எழுதப் போனேன். "எங்க பேரு இப்ப வாணாம்மே, எங்க வாரத்துல எழுதிக்கலாம்" என்றார். நியாயம்தானே? எங்கள் பாட்டுக்காரர் பதினெட்டுப் பேரை மட்டும் எழுதினேன். ஃப்ரெடி மூன்றாவது.

3 அக்டோபர்
கரையில் பலகை நட்டுவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி.

9 ஜனவரி 2025
அடையாள அட்டை வந்தது. பதினெட்டேதான். அட்டை இல்லாதவன் இறங்கினால் வலை பறிமுதல். பட்டியல் முடிந்துவிட்டதாம். மேடத்திடம் ஓடினேன், பாடு என்றால் என்னவென்று சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா." அன்றைக்கு யார் கேட்டது? இத்தனை வருஷமாகச் சாம்பல் கொட்டுகிறவனிடம் எவனாவது அட்டை கேட்டானா? ஐயோ, இன்னாத்துக்கு நான் எழுதினேன்...

13 ஜனவரி
அண்ணன் வாரம். ஆறு சும்மா கிடக்கிறது. ஃப்ரெடியும் இறங்கவில்லை.

5 பிப்ரவரி
அண்ணன் வாரம். ஃப்ரெடி இறங்கினார். நான் தடுக்கவில்லை.

14 மார்ச்
படகுச் சவாரி தொடங்கியாகிவிட்டது. எனக்கு வழிகாட்டி வேலை, பச்சைச் சட்டை. டூரிஸ்ட்டுகளிடம் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பாடும் இருக்கிறது: "இப்பகுதி மக்களின் பாரம்பரியப் பகிர்வு முறை." தூ. மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

அண்ணன் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் ஆகிவிட்டார். வீட்டுக்குப் போனேன். அண்ணி வெளியே வரவே இல்லை. "எழுத வாணாம்னு சொன்னவனே நான்தானே. நீ இன்னா பண்ணுவ? போய் வேலையப் பாரு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

27 ஏப்ரல்
ஞாயிறு, நல்ல கூட்டம். இரண்டாவது சவாரிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வரிசையில் அண்ணன் நின்றார். முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. லைஃப் ஜாக்கெட்டை நானே மாட்டிவிட்டேன். ஓரமாக உட்கார்ந்தார்.

ஒப்பிக்க வேண்டியதை ஒப்பித்தேன், பாடு வரைக்கும். அண்ணனும் மற்றவர்களைப் போலக் கேட்டுக்கொண்டு வந்தார். வலை விடும் திருப்பம் வந்ததும் குனிந்து, முழங்கை வரை தண்ணீரில் கையை விட்டார். எடுக்கவே இல்லை. அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த குழந்தைகளும் எட்டிக் கை நீட்டின. படகு சாய்ந்தது. படகோட்டி என்னை முறைத்தான்.

"கைய உள்ள வெச்சுக்கோங்க சார்" என்றேன்.

வைத்துக்கொண்டார்.