கதவை அடைத்தால் நின்றுவிடுமா என்று கேட்டவளுக்கு

என் செல்லத் திருடி ஜெஸிக்கு,

நீ போன பிறகு உனக்காக அழுததைவிட உன்மேல் கோபப்பட்டதுதான் ஜாஸ்தி. வேலூரில் நம் ஆய்வுக்கூடத்தில் உன் ஸ்டூல் இன்னும் என் பக்கத்திலேயே கிடக்கிறது. யாரையும் உட்கார விடுவதில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

ஆராய்ச்சியில் ஒரு வருஷம் மூத்தவள் என்று வாய் நிறைய அக்கா என்றாயே, அந்த அக்காவிடம் மறைக்க எப்படி மனசு வந்தது? "அல்சர் அக்கா, காரம் ஒத்துக்கல" என்றாய். ஆம்பூரிலிருந்து பிரியாணி வாங்கிவந்து, கறியையெல்லாம் என் பக்கம் தள்ளினாய். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

நாம் ஆய்வுத் தட்டுகளில் வளர்த்ததோ புற்றுச் செல்கள். செல் இரண்டாகப் பிரியும் முன் பருக்க வேண்டும், பருக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை வேகமாக உள்ளே விடும் கதவுதான் செல்லின் சவ்வில் இருக்கும் நீர்க்கால்வாய்ப் புரதம். சில கட்டிகளில் அந்தக் கதவுகள் ஜாஸ்தி. இதெல்லாம் உனக்குத் தெரியாததா?

அன்றைக்கு மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாய்: "அக்கா, அந்தக் கதவ அடைச்சிட்டா பெருகறது நின்னுடுமா?"

"தட்டுல கொஞ்சம் கம்மியாவும். மனுஷ உடம்புல? நம்ம காலத்துல அதுக்கு மருந்து வராதுடி. இன்னா, மருந்துக் கடை தொறக்கப் போறியா?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

ஆராய்ச்சிக்காரி கேட்கிறாள் என்று நினைத்துப் பதில் சொன்னேன். கேட்டவள் புற்றுநோயாளி. உன் தீர்ப்பை என் வாயாலேயே சொல்லவைத்துவிட்டாயே, பாவி! தெரிந்திருந்தால் வாய் கூசாமல் பொய் சொல்லியிருப்பேனே.

ஆம்பூரில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வரும்போது உன் அம்மாவிடம் சண்டையே போட்டேன். ஷூ கம்பெனியில் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா. 'அக்காவுக்குத் தெரிஞ்சா அப்பறம் எனுக்கு நெஜத்த சொல்லாது'ன்னா."

அதைக் கேட்டும் மனசு ஆறவில்லை. உன்னை மன்னிக்கவும் இல்லை.

ஒரு சேதி. போன வாரம் தட்டில் அந்தக் கதவை அடைத்துப் பார்த்தோம். செல்கள் பிரிவது மெதுவானது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் உன் ஸ்டூலைப் பார்த்து, "நிக்கலடி" என்றேன்.

இனி எந்த முடிவு வந்தாலும் முதலில் உனக்குத்தான். நல்லதோ கெட்டதோ, ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சத்தியம்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லக்கூட வாய்ப்புக் கிடைக்காத
உன் அக்கா,
ரேவதி