பொது அடுப்பின் நோக்கங்கள்

கஜா பேராங், மலாக்கா
10.11.1957

சிங்கப்பூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

அம்மன் அருளால் பிள்ளைகள் சுகம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கோயில் பொது அடுப்பின் நோக்கங்களை நேற்றுக் கூட்டத்தில் வாசித்தார்கள். பசித்து வருகிற யாருக்கும் சோறு, யாரும் சமைக்கலாம், சமைப்பவர் செய்முறையை எல்லாரும் கேட்கச் சொல்லியபடியே கிண்ட வேண்டும். எல்லாம் நாம் தொடங்கியபோது வைத்தவைதான். ஆகஸ்டில் மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: தமிழ் பேசத் தெரியாதவர் கரண்டி தொடக் கூடாதாம்.

செட்டிக் கம்பத்துப் பூங்காவனம் அப்போது குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிகள்; தமிழ் காதில் புரியும், பேச்சு மலாய்தான், கும்பிடுவது நம் அம்மனை.

"கரண்டிய வெச்சிருங்கம்மா," என்றார் செயலாளர் கலியாணசுந்தரம். "போறதுக்கு முந்தி அதுல என்னென்ன போட்டீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவள் மலாயில் ஒன்று விடாமல் சொன்னாள். கை கழுவிக்கொண்டு போனாள்.

"இது யார் புத்தி?" என்று கலியாணசுந்தரத்திடம் கேட்டேன்.

"என்னக்கா தெரியாத மாதிரி கேக்குறீங்க? அண்ணன் சிங்கப்பூர் போறதுக்கு முந்தி சொல்லிக் கொடுத்துட்டுப் போனதுதானே!" என்று சிரித்தார்.

அந்தக் குழம்பை அம்மனுக்குப் படைக்க என் கை எழவில்லை. வந்துவிட்டேன்.

இன்று நம் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டினேன். பூங்காவனம் சமைத்தாள். கோயிலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இங்கேதான் சாப்பிட்டார்கள்.

பொங்கலுக்கு நீங்கள் வந்தால் உங்கள் இலையில் பரிமாறப் போவதும் அவள்தான். அவள் முகத்தைப் பார்த்து உண்ண முடியுமானால் வாருங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பவள்