கதவு திறக்கும்வரை ஒரு பாட்டு

என் லூக்கா அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு. அஜ்மானிலிருந்து துபாய்க்கு அதே பஸ், அதே நெரிசல், அதே ஹோட்டல் டூட்டி. மைக் வைக்கிறேன், வயர் சுற்றுகிறேன். உங்கள் ஸ்டூலில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்து பாடுகிறாள். நன்றாகத்தான் பாடுகிறாள், அதுவே எனக்கு எரிச்சல்.

சின்ன வயதில் நீங்களே எழுதி மெட்டுப்போட்டுப் பாடிய ஒரு பாட்டு, இத்தாலி ரேடியோவிலெல்லாம் ஓடியதாமே. அப்புறம் எழுதியதை ஒருவரும் சீந்தவில்லை. கல்யாண வீடு, கப்பல் என்று பாடி, கடைசியில் எங்கள் ஹோட்டல். இங்கே மேனேஜர், "சொந்தப் பாட்டு மாஃபி, கிடையாது பாய். கெஸ்ட்டுக்குத் தெரிஞ்சதைப் பாடு" என்றுவிட்டார். நீங்கள் சிரித்தீர்கள். எப்படி அண்ணா முடிந்தது?

ஆனால் மைக் டெஸ்ட் நேரம் உங்களுடையது. காலி நாற்காலிகளுக்கும் எனக்கும் உங்கள் புதுப் பாட்டைப் பாடுவீர்கள். கதவு திறந்து முதல் கெஸ்ட்டின் தலை தெரிந்ததும், பாதியில் நிறுத்தி, "கலாஸ், தம்பி" என்பீர்கள், முடிந்தது என்று. அந்தத் 'தம்பி' நான் சொல்லிக்கொடுத்தது.

நீங்கள் தூக்கத்திலேயே போய், பெட்டியில் ஊர் சேர்ந்த பிறகு உங்கள் மகள் போன் செய்தாள். "அப்பா கடைசியாகப் போட்ட பாட்டு உங்களிடம் இருக்கிறதா? இங்கே ஒன்றுமே இல்லை." மைக் டெஸ்ட்டை யார் ரெக்கார்ட் செய்வார்கள்? என் தலையில்தான் இருக்கிறது என்றேன். "அப்படியென்றால் பாடுங்கள்" என்றாள்.

உங்கள் பாஷை தெரியாத நான் வெறும் லல்லல்லா என்று பாடினேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த எங்கள் ஊர் ஜெபஸ்டின், "லேய், கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு?" என்றான். போனில் அவள் அழுதாள். நான் நிறுத்தியதும், "மிச்சம்?" என்று கேட்டாள்.

மிச்சம் எனக்கு எப்படித் தெரியும், அண்ணா? கதவு திறந்துவிடுமே.

மிச்சத்தை அவளே போட்டு அனுப்புகிறாளாம். அதுவரை மைக்கில் ஹலோ, செக் என்று நான் சொல்வதில்லை. உங்கள் மெட்டைத்தான் பாடுகிறேன். "யார் பாட்டு இது?" என்று புதுப் பாடகி கேட்டாள். "எங்க அண்ணன் பாட்டு" என்றேன். மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும்.

உங்கள் மகள் அனுப்பியதும் முழுசாகப் பாடுவேன். கதவு திறக்கட்டும், கெஸ்ட் வரட்டும், நான் கலாஸ் சொல்ல மாட்டேன்.

உங்கள் தம்பி,
ஆன்றோ