வாசலில் இரண்டு பலகை

வெர்லின்,

ஓட்டுப் போடுறவங்களைப் பார்க்கக் கிளம்பிட்டேன். வான்கோழி சூப் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சுட வெச்சுக் குடி. எனக்காக ஓட்டுக் கேக்குற ஜாய்ஸ் வந்தா மிச்ச நோட்டீஸைக் கொடுத்துடு.

"டீச்சரா பகல் பூரா பசங்களோட மல்லுக்கட்டுறது பத்தாதா? பள்ளி வாரியத் தேர்தல்ல நின்னு பெரியவங்களோட வேறயா?"ன்னு கேட்டியே, அந்தக் கோவம் இன்னும் ஆறல. உன் பொண்டாட்டி என்னை எதிர்த்து நிக்கிற ஆர்வின் உன் சிநேகிதன்னு அவன் தேர்தல் பலகையையும் என்னோடதுக்குப் பக்கத்துல நம்ம புல்தரையில நட்டியே, அதுக்கும்தான்.

ஆனா நேத்துக் காத்துல விழுந்த ரெண்டு பலகையும் காலைல நிமிர்ந்து நிக்குது. உன் பூட்ஸெல்லாம் சேறு. ரொம்ப நன்றிப்பா.

லோர்னா

கீழ இடம் இருக்கு, இதையும் எழுதிடறேன். ரெண்டையும் அசைச்சுப் பார்த்தேன். ஆர்வினோடது கையோட வந்துடுச்சு, திரும்ப நட்டுட்டேன். என்னோடது அசையவே இல்ல.