கங்காவின் இடது இடுப்பில் ஒரு குடம்

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்ட என் கலா அக்காவுக்கு,

முதலில் சேதி. உன் கங்காவைச் சினிமாவாக எடுக்கிறார்கள். டைரக்டர் நான்தான். "காபி டம்ளரக் கழுவச் சொன்னாலே ஒடச்சிருவா, இவ டைரக்டராம்" என்று நீ சிரிப்பது தெரிகிறது. சிரித்துக்கொள். ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரி. நடுவில் நான் ஒரு பெரிய முட்டாள்தனம் பண்ணியிருக்கிறேன், அதற்கும் சேர்த்துச் சிரிக்கலாம்.

நீ போய் ஆறு வருஷமாகிறது. போன மாதம் நான் உன் வயதைத் தாண்டினேன். அன்றைக்கு அம்மா பாயசம் வைத்து, முதல் டம்ளரை உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். இனிமேல் உன்னை அக்கா என்று கூப்பிடலாமா? கூப்பிடத்தான் போகிறேன். அதையெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாது.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள். காக்ஸ் டவுனில் ஒரு மாடி, இரண்டு அறை, ஆறு கம்ப்யூட்டர். அதுதான் உன் ஆபீஸ். கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் நீ ஒரு கேம் செய்தாய். கங்கா என்று ஒரு பெண், தெருநல்லியில், அதாவது தெருக்குழாயில், ஒரு குடம் தண்ணீர் பிடிக்கிறாள். சந்து சந்தாக ஓடி, நாயைத் தாண்டி, ஆட்டோவுக்கு ஒதுங்கி, துணிக்கொடிக்குக் குனிந்து வீடு போய்ச் சேர வேண்டும். எதிலாவது இடித்தால் தண்ணீர் சிந்தும். குடம் காலியானால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான் கேம், ஒரே ஃப்ளாப்பிக்குள் அடங்கிவிடும்.

நீ இருந்தவரை அதை ஆடியது உன் ஆபீஸ்காரர்களும் நானும்தான். நீ போன பிறகு கம்பெனி அதைச் செல்போனுக்குள் கொண்டுபோனது. இப்போது சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் எந்த நேரம் போனாலும் யாராவது ஒருவர் கட்டைவிரலால் உன் கங்காவை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார். தலை நரைத்த ஒரு கறிக்கடைக்காரர் தண்ணீர் சிந்திவிட்டதென்று தன் போனைத் திட்டியதை நானே கேட்டேன். உனக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று பையைத் திறந்துவிட்டேன், பாரேன்.

பிரபாகர் சார் என்று ஒரு தயாரிப்பாளர் படம் எடுக்கும் உரிமையை வாங்கினார். சீரியல்களில் ஆறு வருஷம் உதவி டைரக்டராக வெயிலில் காய்ந்தவள் நான். அவர் என்னைக் கூப்பிட்டது என் திறமைக்காக இல்லை. கங்காவைச் செய்தவளின் தங்கையே படத்தை எடுக்கிறாள் என்றால் பேப்பரில் போட நன்றாக இருக்குமாம். நேராகவே சொன்னார். நானும் நேராகவே சரி என்றேன். கிடைத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டும், ஜன்னல் சீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏறின பிறகுதான் பஸ் போகும் திசை தெரிந்தது. தண்ணீர் லாரிகளைக் கட்டி ஆளும் ஒரு வில்லன் வேண்டும் என்றார். பனிமலையில் ஒரு பாட்டு வேண்டும் என்றார். கங்காவாக நடிக்க விளம்பரங்களில் வரும் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருக்கிறேன் என்றார். வில்லனுக்குத் தலையாட்டினேன். பனிமலையை ஊருக்குப் பக்கத்து நந்தி மலையாகக் குறைத்தேன். கங்காவாக நடிப்பவளை மட்டும் தேர்வு வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தேர்வைக் காக்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலில் வைத்தோம். வசனம் கிடையாது, அழுதுகாட்ட வேண்டாம், ஆட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் விளிம்புவரை தண்ணீர். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கொண்டுபோய் வைக்க வேண்டும். நடிப்பதற்கென்று தயாராகி வந்த பெண்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். விளம்பரப் பெண்ணும் வந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். இரண்டு முறை தூக்கப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குப் பதில் தெர்மகோல் போட்டுத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டாள்.

"அதானே, உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பிரபாகர் சார்.

"தண்ணி தூக்கினவங்க எல்லாருக்கும் தெரியும் சார்" என்றேன். காலிக் குடத்தோடு நடக்கிறவளின் கழுத்து நேராக நிற்கும், மறுகை சும்மா தொங்கும். நீ வரைந்த கங்காவின் மறுகை எப்படி விரிந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

இரண்டாம் நாள் மத்தியானம் மஞ்சுளா வந்தாள். நம் ஜோகுபாளையத்துப் பெண். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் பிளவுஸ் பிட் வெட்டிக் கொடுக்கிறாள், அம்பேத்கர் ஜெயந்திக்கு நம் தெருவில் போடும் நாடகங்களில் நடிப்பாள். குடத்தைப் பார்த்தாள், வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே நினைத்தேன். வேலியிலிருந்து இரண்டு இலை கிள்ளி வந்து தண்ணீர்மேல் போட்டாள். குடத்தை இடுப்பில் வைத்தாள், நடந்தாள், இறக்கினாள். தரை காய்ந்தபடி இருந்தது.

இலை எதற்கு என்று கேட்டேன். இலை போட்டால் தண்ணீர் அலையாது என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு. தெரிந்ததுதான் அக்கா. வீட்டுக்குள் குழாய் வந்தபிறகு மறந்துபோனது.

சரி, முட்டாள்தனத்துக்கு வருகிறேன். உன் கேமை ஆயிரம் தடவை ஆடி, கங்காவின் ஒவ்வொரு அசைவையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவள் வீட்டை நோக்கி ஓடும்போது குடம் இடது இடுப்பில் இருக்கும். வழி அடைபட்டுத் திரும்பினால், அந்த நொடியே குடம் வலது இடுப்புக்குப் போய்விடும். ஆடுகிறவர்களுக்கெல்லாம் இது மனப்பாடம். ஒரு புள்ளி மாறினாலும் இது நம்ம கங்கா இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். அதைவிட, என் அக்கா காரணமில்லாமல் ஒரு கோடுகூடப் போடமாட்டாள் என்று எனக்கு உறுதி. கங்காவுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான் என்று நீ சொல்ல வந்ததாகப் பக்கம் பக்கமாக விளக்கம் வேறு எழுதினேன்.

அதனால் மஞ்சுளாவைத் திரும்பும் இடத்திலெல்லாம் இடுப்பு மாற்றச் சொன்னேன். மூன்று வாரம், ஜோகுபாளையத்துச் சந்துகளில், நிறைகுடத்தோடு. எத்தனை இலை போட்டால்தான் என்ன, மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு செம்புத் தண்ணீர் அவள் மேலேயே கொட்டியது. நான் மறுபடி, மறுபடி என்று கத்தினேன். சோதனைக்கு எடுத்த படத்தைத் தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினோம். திரையில் ஒருத்தி நனைந்த புடவையோடு தடுமாறி, அரைக்குடத்தோடு வீடு வந்து சேர்ந்தாள்.

பிரபாகர் சார் விளக்கைப் போடச் சொன்னார். "உங்க பொண்ணும் சிந்துறாளே. சிந்தறதுதான் சிந்தறா, பாக்க நல்லா இருக்கறவ சிந்தட்டும்" என்றார். அந்த வாரத்துக்குள் விளம்பரப் பெண்ணை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேறு டைரக்டர் பார்ப்பேன் என்றும் சொன்னார்.

படி இறங்கும்போது மஞ்சுளா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "நீங்க சொன்னீங்கன்னு மாத்தினேன் மேடம். திரும்பும்போதெல்லாம் எவ இடுப்பு மாத்துவா? எங்கம்மா பாத்தா சிரிக்கும்" என்றாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் ஸ்ரீதரைத் தேடிப் போனேன். ஆபீஸில் உனக்குப் பக்கத்து நாற்காலி ஸ்ரீதர்தான், இப்போது தலையில் பாதி முடி இல்லை. கங்கா ஏன் இடுப்பு மாற்றுகிறாள் என்று கேட்டேன், என் விளக்கத்தையும் வாசித்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஃப்ளாப்பில எடமே இல்ல புவனா. ஒரு பக்கம் போறதத்தான் வரைஞ்சா. மறுபக்கத்துக்கு அதையே கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பி விட்டோம், குடமும் சேந்து திரும்பிடுச்சு. அதுக்காக ரெண்டு நாள் எங்கூடப் பேசல உங்கக்கா. அவ எப்பவும் இடது இடுப்புலதான் வைப்பா, வலது கை கதவத் தட்டணும்னு சொல்லிட்டே இருந்தா. யாரப் பத்திச் சொல்றேன்னு கேட்டேன், சொல்லல."

எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 

தொண்ணூற்றொன்றின் கடைசி. காவேரித் தண்ணீர்ச் சண்டையில் ஊர் கெட்டு, தமிழ் பேசுகிறவர்களைத் தேடித் தேடி அடித்த நாட்கள். உனக்குப் பதினேழு, எனக்குப் பன்னிரண்டு. அப்பா கதவையும் ஜன்னலையும் சாத்தி, வீட்டுக்குள்ளும் தமிழில் உரக்கப் பேசக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். நல்லிக்குப் போக நம் வரிசையில் யாருக்கும் தைரியமில்லை. மூன்று வீடு தள்ளியிருந்த கன்னடக்கார லட்சுமம்மா தினமும் காலையில் ஒரு குடம் கொண்டுவந்தாள், நமக்கு மட்டுமில்லை, எதிர் வீட்டுக்கும். நேர்வழியில் ஆட்கள் நிற்பார்கள் என்று பின்சந்துகளைச் சுற்றி வருவாள். ஒரு வீட்டுக்கு இத்தனை தண்ணீரா என்று வழியில் கேட்டவர்களிடம், வீட்டில் நாமகரணம், குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு நடப்பாளாம். குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே வலது கையால் கதவைத் தட்டுவாள். நீதான் போய்த் திறப்பாய். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன்.

ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? ஆடி ஆடி உன்னைத் தோற்கடித்த பெருமையில் இது யார் என்று நான் ஒருநாள்கூடக் கேட்காததாலா? உன்மேல் கோபம் வருகிறது. என்மேல் அதைவிட அதிகமாக வருகிறது. ஏழு வருஷம் கழித்து ஒரு ஃப்ளாப்பிக்குள் நீ அவளை உட்காரவைத்தாய். நான் ஃப்ளாப்பியின் இடப்பற்றாக்குறையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

லட்சுமம்மா இப்போது பாணஸ்வாடியில் மகன் வீட்டில் இருக்கிறாள். போய்ப் பார்த்தேன். போனில் கங்காவைக் காட்டினேன், இது நீங்கள்தான் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "நீரு தானேம்மா, அதரல்லி ஏனிதெ" என்றாள். தண்ணீர்தானே, அதில் என்ன இருக்கிறதாம். உன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. ஷூட்டிங்குக்கு வருகிறேன், ஆனால் குடம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நான்தான் பார்த்துச் சொல்வேன் என்று கண்டிஷன் போட்டாள்.

அங்கிருந்து நேராகச் சிவாஜிநகர் துணிக்கடைக்குப் போனேன். மஞ்சுளாவிடம் மன்னிப்புக் கேட்டேன், கடையில் நாலு பேர் எதிரில். இனிமேல் உனக்கு எது வசதியோ அப்படித் தூக்கு, கதவைத் தட்ட வலது கையை மட்டும் எனக்குக் கொடு என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஷாட் எடுத்தோம். நல்லியிலிருந்து கதவுவரை, நிறைகுடம், இடது இடுப்பு. கூட வந்த கேமராமேனுக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு வாங்கவில்லை.

பிரபாகர் சார் அதைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போஸ்டருக்கு முகம் வேண்டுமே என்று இழுத்தார். எனக்குப் பயம் இருந்தது அக்கா, இல்லை என்று சொல்ல மாட்டேன். இது என் முதல் படம், போனால் திரும்பச் சீரியலில் குடை பிடிக்க வேண்டும். ஆனாலும் சொல்லிவிட்டேன்: "மஞ்சுளா போனா நானும் போறேன் சார். கங்காவச் செஞ்சவளோட தங்கச்சி ஏன் போனான்னு பேப்பர்ல கேப்பாங்க. கேட்டா நான் சொல்லுவேன்."

 அவர் மூன்று நாள் கொடுத்தார். மூன்று நாள் எடுத்ததைப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் நாங்கள் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும். ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறோம்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. உன் கேமில் கங்கா கதவைத் தட்டியதும் 'வீடு வந்தாச்சு' என்று எழுத்து வரும், அதோடு நின்றுவிடும். கதவு திறக்காது. அதையும் ஸ்ரீதரிடம் கேட்டேன். திறக்கிற கதவை நீ வரைந்து வைத்திருந்தாயாம், உள்ளே நிற்கிற பெண்ணையும் சேர்த்து. அதற்கும் இடம் போதவில்லையாம்.

என்னிடம் இடம் இருக்கிறது அக்கா. கடைசிக் காட்சியைத்தான் முதல் நாளே எடுக்கப் போகிறேன், மூன்றாம் நாள் என்னைத் துரத்தினாலும் அது எடுத்து முடிந்திருக்கும். பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைத் தேடிப் பிடித்திருக்கிறேன், உன்னைவிடக் கொஞ்சம் அழகு, மன்னித்துக்கொள். அவள் திறப்பாள். அவள் பின்னால் பன்னிரண்டு வயதில் இன்னொருத்தி இருப்பாள். அவளை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கவிட மாட்டேன். முன்னால் வந்து, இரண்டு கையாலும் அந்தக் குடத்தை வாங்கச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

திங்கட்கிழமை கேமராவுக்குப் பின்னால் நிற்கப்போகும்,
உன் தங்கச்சி,
புவனா