‘தலைநகர் இல்லம்’ ஏன் நின்றது?

துவாரகா, புது தில்லி
18-11-2007

சௌபாக்யவதி ஜ்யோத்ஸ்னாவுக்கு அப்பா மனம் நிறைந்த ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் சௌக்கியத்தையும் மாப்பிள்ளை மாதவின் சௌக்கியத்தையும் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொண்டேன் என்றாலும் பேப்பரிலும் ஒரு தடவை கேட்டால்தான் எனக்குத் திருப்தி. எட்மண்டனில் பனி ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மா என்னைவிடவே சௌக்கியமாக இருக்கிறாள், அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன், இரண்டு பாரா வந்தது, இரண்டும் நான் மினிஸ்ட்ரியில் எழுதிய நோட் மாதிரியே இருந்தது, கிழித்துவிட்டேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், அதனால் பெரிய எழுத்தாக, ஒட்டாமல் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

‘தலைநகர் இல்லம்’ நின்றுவிட்டது என்று அம்மா போனில் உன்னிடம் சொன்னாளாம், நீயும் “அச்சா, ஓகே மா” என்றாயாம். நீ எட்டாம் கிளாஸ் படிக்கும்போது மோதி பாக் குவார்ட்டர்ஸில் நம் சமையலறை மேடையில் ஆரம்பித்த பத்திரிகை அது. அம்மாவும் பக்கத்து வீட்டு அம்புஜம் மாமியும் சேர்ந்து நாலு பக்கம் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜனவரிக் குளிரில் இட்லி மாவு பொங்க வேண்டுமானால் பாத்திரத்தை ரஜாய்ப் போர்வையில் சுற்றி வைக்க வேண்டும், நல்ல தேங்காய் எந்தக் கடையில் கிடைக்கும், மெட்ராஸிலிருந்து யார் வருகிறார்கள், வரும்போது முருங்கைக்காய் கொண்டுவருவார்களா, இவ்வளவுதான் விஷயம். அதோடு ‘இந்த மாத வீடு’ என்று ஒரு பக்கம். சர்க்கார் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு, அதே இரண்டு ரூம், அதே பச்சைக் கதவு, அதற்குள் ஒவ்வொருத்தி என்னென்ன செய்து வைத்திருக்கிறாள் என்று அம்மா போய்ப் பார்த்து எழுதுவாள். ஒருத்தி பால்கனியில் ட்ரம்மில் கறிவேப்பிலை வளர்த்தாள், இன்னொருத்தி பழைய கூலர் டப்பாவைக் கொலு அலமாரி ஆக்கினாள். படித்துவிட்டு ஜனங்கள் அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், காபி குடித்துவிட்டும் வருவார்கள்.

அப்புறம் அது வளர்ந்த வேகம் உனக்கே தெரியும். ஆர்.கே.புரம், ஜனக்புரி, மயூர் விஹார், நொய்டா என்று போயிற்று, கலர் அட்டை வந்தது, புடவைக் கடைக்காரர்கள் தாங்களே விளம்பரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். தன் கொலு போட்டோ அட்டையில் வராமல் உள்பக்கத்தில் வந்துவிட்டது என்று ஒரு மாமி அம்மாவோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள். நான் ரிடையராகி இந்த துவாரகா ஃப்ளாட்டுக்கு வந்தபோது நம்மைப்போலவே குவார்ட்டர்ஸ் ஜனங்களில் பாதிப்பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அம்புஜம் மாமி மட்டும் புனேயில் இருக்கும் பிள்ளையோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மா எழுத, நான் ப்ரூஃப் பார்க்க, நாங்கள் இரண்டு பேர்தான் பத்திரிகை. ‘இந்த மாத வீடு’ நாலு பக்கம் ஆயிற்று, எட்டுப் பக்கம் ஆயிற்று, எல்லாம் போட்டோ. மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், சுவர் அகல டிவி. சோபா நன்றாக இல்லையென்று மேல்வீட்டு சோபாவை இறக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்று சொன்னார்கள், பாதி இங்கிலீஷ் ஆக்கினாள். அந்தப் பாதியையும் பிள்ளைகள் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, எல்லார் வீட்டு டீப்பாயிலும் இருக்கும், அதுவும் உண்மைதான். அதனால்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஏப்ரல் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். லோதி ரோடில் இருந்த வேதாந்தம் மாமா ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார், ஞாபகம் இருக்கும், உனக்கு டிரான்ஸிஸ்டர் ரிப்பேர் செய்து கொடுத்தவர். பிரஸ்ஸில் ஏதோ தவறு, அந்த மாதத்து அத்தியாயத்துக்குப் பதில் போன வருஷம் ஏப்ரலில் வந்த அத்தியாயம், அதோடு போன வருஷத்துச் சமையல் குறிப்பு, எல்லாம் அப்படியே மறுபடி ஏறிவிட்டது. இதழ் எல்லா வீட்டுக்கும் போன பிறகுதான் நான் பார்த்தேன். செத்துப்போன மாமியார் மறுபடி உட்கார்ந்து காபி குடிக்கிறாள் கதையில். உடனே எல்லாருக்கும் போன் பண்ணி மன்னிப்புக் கேட்கலாம் என்றேன். அம்மா, “இருங்கோ, அவாளே பண்ணட்டும்” என்றாள். போன் வந்தது, நிறைய வந்தது. எல்லாம் அந்த மாத வீட்டுக்காரி சாந்தகுமாரியின் மெரூன் சோபா போட்டோவில் பிரவுனாக விழுந்துவிட்டதைப் பற்றி. கதையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஐந்தாம் நாள் வேதாந்தம் மாமாவே கூப்பிட்டார். அப்பாடா என்று எடுத்தேன். “ராமசுப்ரமணியன், இந்த மாசம் சேப்டர் ரொம்ப நன்னா அமைஞ்சுடுத்து ஓய், நீர் ப்ரூஃப் பார்த்தா தனி அழகு” என்றார். நான் தாங்க்ஸ் என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், சிரித்து முடித்த பிறகும் வெகு நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் உன்னிடம் வந்து இரண்டு மாதம் இருந்தாள். இங்கே நான் தனியாகவே இரண்டு இதழ் கொண்டுவந்தேன், பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வந்தவள் செப்டம்பர் மாதம் சொசைட்டி ஹாலில் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, அடுத்த மாத இதழ்தான் கடைசி, எல்லாருக்கும் நமஸ்காரம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மூன்றாவது வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தேன், என்ன சொன்னாள் என்று புரிந்தபோதும் கை தட்டிக்கொண்டே இருந்தது. ஹாலே அழுதது என்று சொன்னால் மிகையில்லை. சாந்தகுமாரி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, “அக்கா, இது வரலேன்னா எங்களுக்கு மாசமே பொறக்காதே அக்கா” என்று தேம்பினாள். அவள் பொய் அழுகை அழவில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏப்ரலில் கவனிக்காததும் நிஜம், இந்த அழுகையும் நிஜம். இதில் எதை நம்புவது என்று நீதான் சொல்லேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா வாட்டமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ காலையில் பார்க்கில் பஞ்சாபி அம்மாள்களோடு கை வீசி நடக்கிறாள், மெட்ரோ ஏறித் தனியாகக் கரோல் பாக் போய் வருகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் மாதக் கடைசியில் ப்ரூஃப் வருமென்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விளம்பரம் குறைந்ததாலா என்று கேட்டேன், இல்லை என்றாள். வேதாந்தம் கதையாலா என்றேன், அதற்கும் இல்லை. போன வாரம் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தானாகவே சொன்னாள். அங்கே உன் வீட்டில் இன்னொரு கம்பளி தேடி உள் அலமாரியைத் திறந்தாளாம். ஏழு வருஷமாக மாதா மாதம் உனக்கு அனுப்பிய இதழெல்லாம் வரிசையாக அடுக்கியிருந்ததாம், ஒன்றின் பிரவுன் உறையும் பிரிக்கவில்லையாம். “ஒண்ணுகூடப் பிரிக்கலை. ஒண்ணுகூடத் தூக்கியும் போடலை. ஒரு மாசம் விடாம வெச்சிருக்கா” என்றாள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. அப்போதே போன் பண்ணியிருப்பேன், அங்கே நீ தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துத்தான் விட்டேன். அப்புறம், தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறதே குழந்தை என்று தோன்றியது. இப்போதும் எது சரி என்று தெரியவில்லை. அம்மாவிடம், உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். “கோபமெல்லாம் இல்லை, வெட்கமா இருந்துது. ஏழு வருஷமா அவளுக்கு ஊர்ல இருக்கறவா வீட்டையெல்லாம் அனுப்பியிருக்கேன். நான் எப்படி இருக்கேன்னு ஒரு வரி எழுதி உள்ளே வெச்சதில்லை. அவ எதுக்காகப் பிரிப்பா?” என்றாள். அப்படியானால் அதனால்தான் நிறுத்தினாயா என்றேன். “அதுவும்தான்” என்று எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த ‘உம்’முக்குள் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் கூட இருந்தவன் இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று வெட்கப்பட்டு மேலே கேட்கவுமில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. நீயும் அம்மாவும் பேசிக்கொள்வீர்கள், பெண்களுக்குள் தெரிந்திருக்கும்.

நீ மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ளாதே, குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்குத் தமிழ் சரியாகச் சொல்லித்தராதது எங்கள் இரண்டு பேர் வேலைதானே. மாதவை நெய் குறைத்துக்கொள்ளச் சொல். குழந்தை விஷயத்தில் டாக்டர் சொன்னதை அவசரப்படாமல் இருவரும் யோசித்துச் செய்யுங்கள், பகவான் கூட இருப்பான், தீர்க்க சுமங்கலியாக, சந்தோஷமாக இரு.

முக்கியமாக ஒன்று. நாலு நாளாக அம்மா டைனிங் டேபிளில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறாள். கொடு, ஒரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று கை நீட்டினேன், “இதுக்கு ப்ரூஃப் வேண்டாம்” என்று கையால் மூடிக்கொண்டாள். பத்திரிகைக்கு வாங்கிய பிரவுன் உறைகள் நிறைய மீந்து கிடக்கின்றன, அதில்தான் போட்டு அனுப்பப்போகிறாள், அட்ரஸும் அதே கையெழுத்தில்தான் இருக்கும். பார்த்ததும் பழைய ஞாபகத்தில் அலமாரியில் எடுத்து வைத்துவிடாதே. பிரித்துவிடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ராமசுப்ரமணியன்